பழைய லேண்ட் ரோவரின் சேஸி: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

"அண்ணே, அடியில் ஆறு மில்லி தகடு வைத்து அடித்துவிட்டால் போதும்தானே?" பழைய ஜீப்பைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். போதாது. பல நேரம் அந்த ஆறு மில்லி தகடே அடுத்த விரிசலுக்குக் காரணமாகிவிடும். சேஸி என்பது வண்டியின் உடலைத் தாங்கும் அடிச்சட்டம்: இரண்டு நீள்சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளில் ஒவ்வொரு நீள்சட்டமும், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள நான்கு எஃகுப் பட்டைகளை விளிம்போடு விளிம்பாகப் பற்றவைத்துச் செய்த பெட்டி. 1948-இல் முதல் வண்டி வெளிவந்தபோது தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பெரிய இயந்திரங்களுக்குச் செலவழிக்க வழியில்லாததால் பிறந்த வடிவம் அது. மெல்லிய தகடாக இருந்தாலும் மூடிய பெட்டி என்பதால் முறுக்கைத் தாங்குகிறது. அதன் பலம் வடிவத்தில் இருக்கிறது. எந்த இடத்தில் அந்த வடிவம் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. வெல்டிங் இயந்திரத்தை அதுவரை தொட வேண்டாம்.

இங்கே சொல்வது பெரும்பாலும் சீரிஸ் 2, 2ஏ, 3 வண்டிகளுக்கானது. வில்லிஸ் ஜீப், டொயோட்டா லேண்ட் குருசர் 40 வரிசை வைத்திருப்பவர்களுக்கு எங்கே வழி மாறுகிறதோ அங்கே குறிப்பிடுகிறேன்.

கை வைக்கும் முன்

வண்டி மலேசியாவில் எங்கே வாழ்ந்தது என்று கேளுங்கள். பினாங்குத் தீவின் கடலோர வீட்டு வாசலில் நின்றதென்றால் பின்புறக் குறுக்குச் சட்டத்தையும் ஸ்பிரிங் தாங்கிகளையும் முதலில் பாருங்கள். உப்புக் காற்று வெளியிலிருந்தே தின்றிருக்கும். நிபோங் திபால், ஜாவி பக்கத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் உழைத்த வண்டி என்றால் கதை வேறு. செம்மண் சேறு பெட்டிக்குள் புகுந்து, வடிகால் துளைகளை அடைத்து, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெளியே கறுப்புப் பெயிண்ட் பளபளக்கும். உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். கேமரன் மலையில் காய்கறி ஏற்றிய வண்டிகளில் துருவைவிட விரிசலே கூடுதல், ஏனென்றால் அங்கே சுமைக்கு அளவு பார்க்கும் வழக்கம் இருந்ததில்லை.

எண்ணெய் ஒழுகும் எஞ்சினைத் திட்டாதீர்கள். கியர்பெட்டிக்குக் கீழேயுள்ள பகுதி பல வண்டிகளில் நன்றாக இருப்பதற்கு அந்த ஒழுக்குதான் காரணம்.

அடுத்தது பாதுகாப்பு. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். சீரிஸ் வண்டிகளில் பெட்ரோல் தொட்டி பெரும்பாலும் இருக்கைக்குக் கீழே, நீள்சட்டத்தை ஒட்டியே இருக்கிறது. அதை இறக்கிப் பட்டறைக்கு வெளியே வைக்காமல் ஒரு பொறிகூடப் பறக்கக் கூடாது. புதிதாகத் தொடங்குபவர்கள் தவறவிடும் இன்னொன்று: பின்விளக்குகளுக்குப் போகும் மின்கம்பிக் கற்றை நீள்சட்டத்தின் உள்ளேதான் ஓடுகிறது. அதை உருவி எடுக்காமல் பற்றவைத்தால் கம்பி உள்ளேயே உருகி ஒட்டிக்கொள்ளும். உருவும்போது ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது அந்தக் கயிறு வழிகாட்டும். எர்த் கவ்வியைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். முன்பக்கம் மாட்டிவிட்டுப் பின்பக்கம் பற்றவைத்தால் மின்சாரம் பேரிங் வழியாகவும் பிரேக் குழாய் வழியாகவும் பாதை தேடும்.

அறிகுறி: கதவு மூட மறுக்கிறது, ஜாக் வைத்துத் தூக்கினால் மூடுகிறது

கதவுக் கீலை மாற்றுவது இங்கே வீண் செலவு. முன் தடுப்புச் சுவரான பல்க்ஹெட்டைத் தாங்குவதற்கு நீள்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் இரண்டு கைகள் உண்டு, அவுட்ரிகர் என்பார்கள். முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறு நேராக அவற்றின் மேல்தான் விழுகிறது. அவை உளுத்தால் பல்க்ஹெட் மெதுவாக இறங்கும், கதவுச் சட்டம் சாய்சதுரமாகும்.

சோதனை எளிது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கதவின் மேல் இடைவெளியையும் கீழ் இடைவெளியையும் அளந்து எழுதுங்கள். பிறகு ஜாக்கை நேராக அவுட்ரிகரின் கீழே வைத்து மெல்லத் தூக்குங்கள். வண்டி உயராமல் கதவு இடைவெளி மட்டும் மாறினால் அவுட்ரிகர் போய்விட்டது. கர்ரென்ற சத்தத்தோடு ஜாக் உள்ளே புதைந்தால் அதற்கு மேல் சோதிக்க ஒன்றுமில்லை.

அவுட்ரிகர் பகுதி தனியாகவே கிடைக்கிறது. ஒட்டுப் போடாமல் முழுதாக மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். பழையதை வெட்டும் முன் கதவு வாசலின் குறுக்கே ஒரு சதுரக் குழாயை போல்ட் போட்டுப் பிணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பல்க்ஹெட் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான ஒரே சாட்சியையும் வெட்டி எறிந்தவர்களாவோம்.

இரண்டு அவுட்ரிகரும் நன்றாக இருந்தும் கதவு இடைவெளி மாறுகிறதென்றால் சேஸியே நடுவில் தொய்ந்திருக்கலாம். நீள்சட்டத்தின் அடியில் நூல் கட்டிப் பாருங்கள்.

அறிகுறி: சுத்தியல் தட்டினால் ஓசை மந்தம்

நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்த தகடு தொப்பென்று விழும். சிறிய உருண்டைத்தலைச் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒரு கை அகலத்துக்கு ஒரு தட்டாக முழு நீளத்தையும் தட்டுங்கள், அடிப்பக்கத்தை மறக்காமல். மந்தமான இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பிறகு ஒவ்வொரு வட்டத்திலும் பழைய திருப்புளியின் நுனியை வைத்துக் கையால் அழுத்துங்கள். உள்ளே போனால் வட்டத்தின் மேல் குறுக்குக் கோடு போடுங்கள். போகாவிட்டால் விட்டுவிட வேண்டாம். தகட்டின் கனத்தை வெளியிலிருந்தே காட்டும் மீயொலி அளவி இப்போது கைக்கெட்டும் விலைக்கே கிடைக்கிறது. பெயிண்டைச் சுரண்டி அதை வைத்துப் பாருங்கள். 2 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 1.2 காட்டினால் அதை நம்பிப் பற்றவைக்க வேண்டாம், எளிதில் ஓட்டை விழும்.

ஓசை மந்தமாக இருந்தும் திருப்புளி போகவில்லை, அளவியும் வேண்டியதைவிட அதிகக் கனம் காட்டுகிறது என்றால் சந்தேகப்படுங்கள். பெயிண்டுக்கு அடியில் பழைய ஒட்டு இருக்கிறது. கிரைண்டரில் கம்பித் தூரிகையை மாட்டிச் சுத்தம் செய்தால் விளிம்பு தெரியும். ஒட்டின் மேல் ஒட்டு, அதன் மேல் இன்னொன்று என்று மூன்று அடுக்குகூடப் பார்க்கலாம். அடுக்குகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து, துரு பருத்து, மேல் தகட்டை வெளியே தள்ளிப் புடைக்க வைத்திருக்கும். இதற்கு மேல் நான்காவது தகடு வைக்கச் சொல்லும் உரிமையாளரிடம் நான் வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

செய்ய வேண்டியது: எல்லா ஒட்டுகளையும் கழற்றி, நல்ல தகடு தெரியும்வரை வெட்டுங்கள். எல்லைக் கோட்டைத் துரு முடிகிற இடத்தில் போடாமல் அதற்கு அப்பால் இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள். வெட்டுகிற துண்டின் மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூர்மூலை என்றால் விரிசல் அங்கே கிளம்பும். புதிய துண்டு அதே 2 மில்லி மென்னெஃகாக, பழைய தகட்டின் அதே தளத்தில், விளிம்போடு விளிம்பாக உட்கார வேண்டும். மேலே ஏற்றி ஒட்டுவது வேகமான வேலைதான். ஆனால் அந்த மேற்பொருத்தே அடுத்த தண்ணீர்த் தொட்டி. உள்ளே பின்தகடு வைத்துப் பற்றவைத்தால் ஊடுருவல் நன்றாக வரும், உருகி விழாது.

பழைய இரும்புக் கடையில் வாங்கிய துண்டென்றால் ஒரு எச்சரிக்கை. லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டிச் சேஸியில் வைத்து அடிக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது கார்பன் அதிகமுள்ள எஃகு. பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் கடினமாகி, கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடைந்து, ஒரு குலுக்கலில் பிளந்துவிடும்.

அறிகுறி: முன்சக்கரத் தடத்தில் பின்சக்கரம் வரவில்லை

மழை நின்றபின் ஈரத் தரையில் நேராக ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். நான்கு தடங்கள் தெரிந்தால் பின் அச்சு நகர்ந்திருக்கிறது அல்லது சேஸி கோணியிருக்கிறது.

எது என்று பிரிக்கத் தூக்குக் குண்டு ஒன்று போதும். வண்டியை அச்சுகளுக்கு அருகில் நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். நடுவில் ஸ்டாண்டு வைத்தால் சேஸி தானே வளைந்து பொய் அளவு கொடுக்கும். பட்டறைத் தரையை நம்பாதீர்கள்; தண்ணீர் வெளியேற வேண்டும் என்று கொத்தனார் வாட்டம் வைத்துத்தான் போட்டிருப்பார். மட்டம் பார்க்க அவர் பயன்படுத்தும் அதே தண்ணீர்க் குழாயை (தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய்) வாங்கி நான்கு மூலைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்பிரிங் போல்ட்டின் மையத்திலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். முன் இடதிலிருந்து பின் வலது, முன் வலதிலிருந்து பின் இடது. இரண்டு மூலைவிட்டங்களும் 3 மில்லிமீட்டருக்குள் ஒத்திருந்தால் எனக்குக் கவலையில்லை. அதற்கு மேல் போனால் குறுக்குச் சட்டங்களின் நடுப்புள்ளிகளையும் தரையில் குறித்து, எந்தக் கட்டத்தில் சாய்வு தொடங்குகிறது என்று பாருங்கள்.

மூலைவிட்டம் சரி, ஆனால் பின் அச்சு மட்டும் நகர்ந்திருக்கிறது என்றால் ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் மைய போல்ட் உடைந்திருக்கலாம். அச்சை ஸ்பிரிங்கோடு இறுக்கும் யூ போல்ட் தளர்ந்து அச்சு பட்டையின் மேல் வழுக்கியிருக்கும். இதற்கு வெல்டிங்கே தேவையில்லை. மைய போல்ட் சில ரிங்கிட்தான்.

மூலைவிட்டமே தவறு என்றால், அது விபத்தின் வேலை. கோணிய சேஸியை அப்படியே வைத்துப் பலப்படுத்தினால் கோணலைத்தான் நிரந்தரமாக்குகிறோம். முதலில் நேராக்கும் மேடை உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

அவசரப்பட்டுச் சேஸியைக் குற்றம் சொல்ல வேண்டாம். சீரிஸ் வண்டிகளில் ஓட்டுநர் பக்க ஸ்பிரிங் சற்று அதிக வளைவோடு வரும். யாராவது இடம் மாற்றிப் போட்டிருந்தால் சாயத்தான் செய்யும். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம். அந்தப் பக்கம் உயரமான ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் சாய்ந்தால் மேலே சொன்ன தண்ணீர்க் குழாயால் சேஸியின் நான்கு மூலைகளையும் அளக்கலாம்.

அறிகுறி: பிரேக் அடித்தால் 'டக்', பாலத்தில் காற்றடித்தால் ஸ்டீயரிங் அலைகிறது

பினாங்குப் பாலத்தின் நடுவில் பக்கக் காற்று வீசும்போது இதை நன்றாக உணரலாம்: கையை அசைக்காமலே வண்டி தடம் மாறும். பலர் ஸ்டீயரிங் பெட்டியை இறுக்குகிறார்கள். இறுக்கினால் திருப்புவது கடினமாகும், அலைச்சல் நிற்காது.

நண்பரை உள்ளே உட்கார வைத்து, எஞ்சின் நின்ற நிலையில் ஸ்டீயரிங்கை இருபுறமும் சிறிது சிறிதாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் முன்பக்கம் கீழே படுத்து, முன் குறுக்குச் சட்டத்துக்குள் செங்குத்தாகச் செருகியிருக்கும் ஸ்டீயரிங் ரிலேயை, அதாவது ஸ்டீயரிங் பெட்டியின் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பாகத்தைப் பாருங்கள். ரிலேயின் கை மட்டும் அசைந்தால் நல்லது. ரிலேயின் உடலே சட்டத்துக்குள் சாய்ந்து நிமிர்ந்தால் அதைச் சுற்றியுள்ள தகடு பிளந்திருக்கிறது அல்லது உளுத்திருக்கிறது. விரல் நுனியைத் தகட்டிலும் ரிலேயிலும் ஒரே நேரத்தில் படும்படி வைத்தால் கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும்.

அடுத்து ஸ்பிரிங் தாங்கிகள். வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பிரேக் அடிக்கச் சொல்லி ஒவ்வொரு தாங்கியாகப் பாருங்கள். புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் உறை) தேய்ந்திருந்தால் போல்ட் புஷ்ஷுக்குள் ஆடும். தாங்கியின் வேர் கிழிந்திருந்தால் தாங்கியும் போல்ட்டும் சேர்ந்து ஆடும். முதலாவதற்குப் புஷ். இரண்டாவதற்கு வெல்டிங்.

லேண்ட் குருசர் 40 வரிசையில் பவர் ஸ்டீயரிங் பின்னாளில் மாட்டப்பட்டிருந்தால், பெட்டியைப் பிடித்திருக்கும் நீள்சட்டப் பகுதியை உற்றுப் பாருங்கள். பழைய ஏற்பாட்டுக்கு வடிவமைத்த தகடு புதிய பெட்டியின் விசையைத் தாங்காமல் போல்ட் துளைகளிலிருந்து நட்சத்திரமாக விரிசல் விடும். அங்கே போல்ட்டுகள் சட்டத்தின் ஒரு சுவரை மட்டும் பிடிக்கக் கூடாது. இரு சுவருக்கும் குறுக்கே கனமான குழாயைச் செருகிப் பற்றவைத்து, போல்ட் அதன் வழியே போக வேண்டும். உள்ளே குழாய் இல்லாத சட்டத்தை போல்ட் போட்டு இறுக்கினால் சுவர்கள் உள்வாங்கும், போல்ட் தளரும், மறுபடியும் அதே அலைச்சல்.

அறிகுறி: போன முறை பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல்

இதுதான் அதிகம் வருவது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். "வெல்டர் சரியில்லை" என்பார்கள். பெரும்பாலும் வெல்டிங் கெட்டியாகத்தான் இருக்கும். தகட்டின் வடிவம்தான் பிழை.

ஒரு மெல்லிய சட்டத்தின் மேல் கனமான தகடு வைத்தால் அந்தப் பகுதி வளைய மறுக்கும். வளைவு எங்கும் போய்விடாது. தகடு முடிகிற விளிம்பில் வந்து குவியும். அந்த விளிம்பு சட்டத்துக்குச் செங்குத்தாக, நேர்கோட்டில், மேலிருந்து கீழாகப் பற்றவைக்கப்பட்டிருந்தால் வெப்பத்தால் பாதிக்கப்பட்ட எஃகு முழுவதும் ஒரே கோட்டில் வரிசையாக நிற்கும். புள்ளி துளையிட்ட தபால்தலையைக் கிழிப்பது போலத்தான் அப்புறம்.

முதலில் விரிசலின் இரு முனைகளையும் கண்டுபிடியுங்கள். கண்ணுக்குத் தெரிவது முழு விரிசல் அல்ல. பெயிண்டை நீக்கி, தகட்டைத் துடைத்து, டீசலைத் தூரிகையால் தடவிச் சிறிது நேரம் விடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசலுக்குள் புகுந்திருந்த டீசல் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் கறுத்த மயிரிழைக் கோடாக வரையும். நீங்கள் நினைத்ததைவிட அந்தக் கோடு பெரும்பாலும் ஒரு விரல் நீளமாவது கூடுதலாகப் போகும். சிவப்புச் சாயத் தெளிப்பான் தொகுப்பு வாங்கினால் இன்னும் துல்லியம். எது செய்தாலும் பற்றவைக்கும் முன் டீசலையும் சாயத்தையும் முழுதாகத் துடைத்தெடுங்கள்.

கோடு எங்கே அகலமாக இருக்கிறது என்றும் பாருங்கள். அங்கேதான் விரிசல் பிறந்தது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே சுமை சட்டத்தைக் கீழ்நோக்கி வளைக்கிறது. அடிப்பக்கம் இழுபடுகிறது, எனவே விரிசல் அடியில் பிறந்து மேலே ஏறும். பின் அச்சுக்கும் பின்னால் சட்டம் தொங்குகிறது. அங்கே மேல்பக்கம் இழுபடும், விரிசல் மேலிருந்து இறங்கும். இந்த விதிக்கு மாறாக இருந்தால் அருகில் வேறு கோளாறு இருக்கிறது: தளர்ந்த குறுக்குச் சட்டம், யாரோ மாட்டிய இழுவைக் கொக்கி, விளிம்பில் போட்ட துளை. அதைத் தேடாமல் மூடினால் விரிசல் திரும்பி வரும்.

இனி வேலை. விரிசல் முனைக்குச் சற்று அப்பால் 4 மில்லிமீட்டர் அளவில் துளை போடுங்கள். கூர்முனை வட்டமானால் விரிசல் நின்றுவிடும். கோடு முழுவதையும் கிரைண்டரால் வாய்க்கால் போல் அகழ்ந்து, அடிவரை ஊடுருவும்படி பற்றவைத்து, துளையையும் நிரப்பி, மேற்பரப்பை மட்டமாகத் தேய்த்துவிடுங்கள். தேய்க்கும் திசை சட்டத்தின் நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்கே விழும் தேய்ப்புக் கீறல்கள் புதிய விரிசலுக்கு விதை.

அதன் மேல் வலுவூட்டும் தகடு. கனம் சட்டத்தின் கனமே, அல்லது ஒரு படி கூடுதல். 2 மில்லி சட்டத்துக்கு 3 மில்லிக்கு மேல் வேண்டாம். வடிவம் நீண்ட சாய்சதுரம். இரு முனைகளும் சரிந்து ஒடுங்கட்டும். விரிசலுக்கு இருபுறமும் சட்டத்தின் உயரத்தைவிடக் கூடுதலாக நீளட்டும். சரிந்த ஓரங்களில் மட்டும் பற்றவையுங்கள், கூர்முனைகளைச் சுற்றி வளைத்துப் பற்றவைக்க வேண்டாம். சட்டத்தின் மேல், அடி விளிம்புகளுக்குக் குறுக்கே ஒரு கோடுகூட இழுக்கக் கூடாது. தகட்டின் நடுவில் ஓரிரு துளைகள் போட்டு அவற்றின் வழியே சட்டத்தின் பக்கச் சுவரோடு பற்றவைத்தால் பிடிப்பு பரவலாகும்.

வில்லிஸ் ஜீப்பில் பெரும்பகுதி மூடிய பெட்டி அல்ல, 'ப' வடிவச் சட்டம். அது முறுக்கத்தில் நெளிந்து கொடுக்கவே செய்யப்பட்டது. அதன் திறந்த பக்கத்தை முழு நீளத்துக்கும் தகடு வைத்து மூடிவிடுகிற ஆசை பலருக்கு. மூடினால் முறுக்கு விறைப்பு பல மடங்கு ஏறும். மூடல் முடிகிற இடத்திலும் ரிவெட் அடித்த குறுக்குச் சட்டங்களின் மூலைகளிலும் எல்லாப் பளுவும் போய் இறங்கும். எஞ்சின் தாங்கி, ஸ்டீயரிங் பெட்டி, ஸ்பிரிங் தாங்கி இவற்றின் அருகில் மட்டும் மூடுங்கள். மூடல் தகட்டின் முனையை மீன்வாய் வடிவில் உள்வாங்கி வெட்டுங்கள். தொடர் வெல்டிங்குக்குப் பதில் இடைவெளி விட்டுவிட்டுப் பற்றவைத்தால் போதும்.

அறிகுறி: பற்றவைக்கும்போது நுரைக்கிறது, துளைத்துளையாக வருகிறது

முதல் குற்றவாளி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும். நம் பட்டறைகள் திறந்தவை. வெக்கை தாங்காமல் பெரிய மின்விசிறியை நேராக வைத்திருப்போம். மிக் வெல்டிங்கில் (கம்பியும் வாயுவும் சேர்ந்து வரும் முறை) உருகிய எஃகைக் காக்கும் வாயுவை அது ஊதித் தள்ளிவிடுகிறது. விசிறியைத் திருப்புங்கள், கடற்காற்று வரும் பக்கம் ஒரு பலகையைச் சாத்துங்கள்.

அதன் பிறகும் நுரைத்தால் தகடு அழுக்கு. பெட்டியின் உள்பக்கம் பழைய எண்ணெய், மெழுகு இருக்கும். சூடானதும் ஆவியாகி உருகிய எஃகுக்குள் புகும். வெள்ளைப் புகை வந்தால் துத்தநாகப் பூச்சு. பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு அதைத் தேய்த்தெடுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிர்காய்ச்சல் போல் உடம்பு நடுங்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது பட்டறை நம்பிக்கை. முகமூடியும் காற்றோட்டமும்தான் மருந்து.

வாயு இல்லாமல் ஓடும் கம்பி போட்டிருந்தால் துருவமுனையை மாற்றினீர்களா என்று பாருங்கள். அந்தக் கம்பிக்குத் துப்பாக்கி எதிர்முனையில் இருக்க வேண்டும், வாயுவோடு ஓடும் கம்பிக்கு நேர்முனையில். வெல்டிங் குச்சி பயன்படுத்துபவர்கள், குறிப்பாக 7018 வகை என்றால், உறை பிரித்த குச்சிக்கட்டை அலமாரியில் போட்டு வைக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூச்சு தண்ணீர் குடித்துவிடும்.

ஓட்டை விழுந்துகொண்டே போனால் நிறுத்துங்கள். தகடு மெலிந்துவிட்டது, இன்னும் வெட்ட வேண்டும்.

மேலே அழகாக இருக்கிறது, ஆனால் பிடித்ததா என்று தெரியவில்லை என்றால் அதே கனத்தில் இரண்டு துண்டுகளை அதே அமைப்பில் பற்றவைத்து, பிடிசிராவியில் (வைஸ்) கவ்விச் சுத்தியலால் மடியுங்கள். வெல்டிங் உரிந்து வந்தால் மின்னோட்டம் போதவில்லை. தகடு கிழிந்தால் சேஸிக்குப் போகலாம்.

அறிகுறி: வேலை முடிந்தபின் போல்ட் துளைகள் பொருந்தவில்லை

உருகிய எஃகு ஆறும்போது சுருங்கும். ஒரே பக்கம் நீளமாக இழுத்தால் சட்டம் அந்தப் பக்கம் வளையும். வெட்டும் முன்னரே இரு நீள்சட்டங்களுக்கும் குறுக்கே கோணச் சட்டங்களைப் பிணைத்திருக்க வேண்டும். கட்டைவிரல் நீளத்துக்கு மேல் ஒரே மூச்சில் பற்றவைக்காதீர்கள். இடம் மாறி, பக்கம் மாறி, தொட்டால் பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருந்து செய்யுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றும் அவசரக்காரர்களைப் பக்கத்தில் விடாதீர்கள். தரையில் வைத்த புள்ளிகளை அழிக்காமல் வைத்திருந்தால் ஒவ்வொரு மாலையும் மறுபடி குண்டு தொங்கவிட்டுச் சரிபார்க்கலாம்.

அறிகுறி: சில மாதங்களில் புதிய தகட்டின் ஓரத்தில் பழுப்பு நீர்

வெளியே மூன்று பூச்சு அடித்திருப்பீர்கள். உள்ளே? பற்றவைத்த சூட்டில் பெட்டியின் உட்புறப் பூச்சு எரிந்துபோயிருக்கும். அங்கே தூரிகை போகாது. நீண்ட குழாய் முனையுள்ள தெளிப்பானால் உட்குழி மெழுகை இரு முனையிலிருந்தும் அடியுங்கள். வடிகால் துளைகளில் மெழுகு சொட்ட வேண்டும். சொட்டினால்தான் போய்ச் சேர்ந்தது. புதிய தகட்டில் பழைய வடிகால் துளை மறைந்திருந்தால் அதே இடத்தில் மறுபடி போடுங்கள்.

வெளிப்புறத்துக்கு இரண்டு பொருள்களைக் கலந்து பூசும் எபாக்சி ப்ரைமர் சிறந்தது. ரப்பர் போலத் தடிப்பான கறுப்புப் பூச்சை நான் போடுவதில்லை. ஒரு கல் பட்டு உரிந்தால் அதற்கடியில் ஈரம் குடியேறும், வெளியே தெரியாது. அலுமினிய உடலும் எஃகுச் சேஸியும் தொடும் இடங்களில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பட்டை வையுங்கள். இரண்டும் நேராகத் தொட்டு உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகும்.

உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்குவதென்றால் சேஸியை முழுதாக உரித்து, வேலையெல்லாம் முடித்தபின் அனுப்புங்கள். தொட்டி ஏறத்தாழ 450 பாகை செல்சியஸ். காற்றோ தண்ணீரோ அடைபட்ட மூடிய குழி இருந்தால் வெடிக்கும். எனவே ஒவ்வொரு பெட்டிக்கும் காற்றுத் துளையும் வடிகால் துளையும் வேண்டும்; மேலேற்றி ஒட்டிய தகடுகள் அங்கேயும் ஆபத்து.

எப்போது நிறுத்துவது

சாக்பீஸ் வட்டங்கள் இரு நீள்சட்டங்களிலும் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டால் புதிய சேஸி வாங்குவதே மலிவு. சீரிஸ் வண்டிகளுக்குத் துத்தநாகம் பூசிய புதிய சேஸிகளை இங்கிலாந்தில் இன்றும் செய்கிறார்கள். கப்பல் கூலியையும் வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வெல்டரின் கூலியைக் குறைத்துப் போடாதீர்கள்.

ஆனால் வாங்கும் முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் போக வேண்டும். சேஸி எண் வண்டியின் அடையாளம். சீரிஸ் 2 முதலான வண்டிகளில் அது பெரும்பாலும் முன்புற வலது ஸ்பிரிங் தாங்கியின் பக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். துரு விரும்பும் இடமும் அதுவே. அந்த எண்ணைத் தேய்க்கவோ, வெட்டி ஒட்டவோ, மீண்டும் பொறிக்கவோ கூடாது. பெயர் மாற்றத்தின்போது பரிசோதனை நிலையத்தில் அதைத்தான் பார்ப்பார்கள். தாங்கியே உளுத்திருந்தால் வேலை தொடங்கும் முன் நெருக்கத்தில் படம் எடுத்து, என்ன செய்யப்போகிறீர்கள் என்று இலாகாவுக்கு எழுதி அனுமதி கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கிரைண்டர் வேலை செய்பவரிடம் அந்த இடத்தை மறைப்பு நாடாவால் (மாஸ்கிங் டேப்) ஒட்டிக் காட்டிவிடுங்கள்.

பூச்சுக்கு வெளிர் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். 500 கிலோமீட்டர் ஓட்டியபின் யூ போல்ட், ஸ்பிரிங்கைத் தாங்கியோடு இணைக்கும் ஷேக்கிள், உடல் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கி, ஒவ்வொரு தகட்டின் முனையையும் விளக்கு அடித்துப் பாருங்கள். கறுப்பில் மறையும் மயிரிழை விரிசல் சாம்பலில் துருக் கோடாகத் தெரிந்துவிடும்.